கையெழுத்து என்னுடையது, பணம் முதலாளியுடையது: என் மேலும் வழக்கு வருமா?

வாசகி ஒருவரின் நீண்ட கடிதம். ஊர், பெயர், நிறுவனம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

தென்மாவட்டம் ஒன்றில், அரசு நிதியில் இலவசத் தொழிற்பயிற்சி தரும் தனியார் மையத்தில் ஒன்றரை ஆண்டாக சென்டர் இன்சார்ஜாக இருக்கிறார். சம்பளம் மாதம் 14,000 ரூபாய். தையல் இயந்திர ஆபரேட்டர் பயிற்சி 300 மணி நேரம், பேட்சுக்கு 30 பேர். பட்டியலில் 30 பேர் இருந்தாலும் வகுப்புக்கு வருவது 22 பேர்தான். மீதி 8 பேரில் சிலர் முதல் வாரத்தோடு நின்றவர்கள். சிலர் ஆதார் நகலைக் கொடுத்ததோடு சரி, மையத்தின் படியே ஏறாதவர்கள். 'பயோமெட்ரிக் கருவி பழுது' என்று எழுதி, கையால் நிரப்பும் பதிவேட்டில் அவர்களுக்கும் வருகை போடப்படுகிறது. பக்கத்துக்குப் பக்கம் அடியில் இவருடைய கையெழுத்து. தேர்வன்று வேறு ஆட்களைக் கூட்டிவந்து உட்காரவைக்கிறார்கள். வேலை கிடைத்ததற்குச் சான்றாக, முதலாளியின் உறவினர் கடை லெட்டர்பேடில் சம்பளச் சீட்டு தயாராகிறது. இரண்டு பேட்ச் இப்படி முடிந்து மூன்றாவது ஓடுகிறது. அடுத்த மாதம் நேரடி ஆய்வு என்று திட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பழைய பதிவேட்டை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார் முதலாளி.

"பணத்தில் ஒரு ரூபாய்கூட என் கணக்குக்கு வரவில்லை. அரசே பார்த்துத்தானே பணம் கொடுத்தது? அதிகமாகக் கொடுத்திருந்தால் அடுத்த தவணையில் பிடித்துக்கொள்ள மாட்டார்களா? ஆய்வுக்கு முன் ராஜினாமா செய்துவிட்டால் தப்பிக்கலாமா? பெயர் போடாமல் ஒரு மனு எழுதினால் போதுமா?" என்று கேட்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

மற்ற எதையும் நிதானமாக யோசிக்கலாம். ஒன்றை மட்டும் இன்றே முடிவு செய்யுங்கள். அந்தப் புதிய பதிவேட்டில் ஒரு கையெழுத்துகூடப் போடாதீர்கள். இதுவரை நடந்ததை 'சொன்னார்கள், செய்தேன்' என்று விளக்க உங்களுக்குக் கொஞ்சமாவது இடம் இருக்கிறது. ஆய்வு வரப்போகிறது என்று தெரிந்தபின் பழைய பதிவேட்டை மறைத்துப் புதியதை உருவாக்கினால் அந்த இடமும் போய்விடும். ஆய்வுக் கடிதத்தின் தேதியையும் புதிய பதிவேட்டையும் பக்கத்தில் வைத்து எந்த விசாரணை அதிகாரியும் கேட்கக்கூடிய கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. பழைய பதிவேட்டைக் கிழிக்கவோ எரிக்கவோ சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

'நான் சம்பளக்காரிதானே?'

உங்கள் கடிதத்தில் மிகப் பெரிய தவறான எண்ணம் இதுதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 344ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 477ஏ தான் அது. எழுத்தர், அலுவலர், ஊழியர் என்ற நிலையில் இருப்பவர் மோசடி நோக்கத்தோடு தன் முதலாளியின் கணக்கையோ பதிவேட்டையோ கணினிப் பதிவையோ பொய்யாக எழுதினால், திருத்தினால், அழித்தால் 7 ஆண்டு வரை சிறை. இந்தப் பிரிவே ஊழியருக்காக எழுதப்பட்டது. பணம் யார் கணக்குக்குப் போனது என்று அது கேட்பதில்லை.

ஏமாற்றிப் பணம் பெறுவதற்கு 318(4), அதற்கும் 7 ஆண்டு வரை. தேர்வில் ஆள்மாறாட்டத்துக்கு 319(2), 5 ஆண்டு வரை. கூட்டுச் சதிக்கு 61(2). இவை முதன்மையாக உங்கள் முதலாளி மேல் வரக்கூடியவை. ஆனால் கூட்டுச் சதி என்று வந்தால் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவரை விட்டுவிட்டு வழக்குப் போடுவது அரிது. 'மறுத்தால் வேலையைவிட்டு எடுத்துவிடுவேன் என்றார்' என்பது சட்டப்படி குற்றத்திலிருந்து விடுவிக்காது. உடனடி உயிராபத்து மிரட்டலுக்கு மட்டுமே சட்டம் அந்த விலக்கைத் தருகிறது. தண்டனையைக் குறைக்கவும் ஜாமீன் பெறவும் உங்கள் நிலைமையைச் சொல்லலாம்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. 'நோக்கம்' நிரூபிக்கப்பட வேண்டும். வகுப்பெடுப்பது, வருகை எடுப்பது, பில் போடுவது எல்லாவற்றையும் தனித்தனி ஆட்கள் செய்யும் மையத்தில், கீழே இருப்பவருக்கு முழுப் படம் தெரியாமல் இருக்கலாம். உங்களுக்குத் தெரிந்திருந்தது என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அதனால்தான் ஆய்வு வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்கிறேன்.

'அரசே பார்த்துத்தானே கொடுத்தது?'

பணம் கொடுத்தது பார்த்து அல்ல, நீங்கள் அனுப்பிய எண்ணிக்கையை நம்பி. மத்திய அரசின் தொழிற்பயிற்சித் திட்டமான பிரதமரின் கௌசல் விகாஸ் யோஜனாவைப் பற்றிய தலைமைக் கணக்குத் தணிக்கையர் அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அந்தத் திட்டத்தின் இரண்டாம், மூன்றாம் கட்டங்களில் 95,90,801 பயிற்சியாளர் பதிவுகளில் 90,66,264 பேருக்கு வங்கிக் கணக்கு எண் இருக்கவேண்டிய இடம் வெற்றாகவோ பூஜ்யமாகவோ கிடந்தது என்கிறது அது. சில இடங்களில் 11111111111 என்று ஒன்றாகவே அடித்திருந்தார்கள். கணினி அதையெல்லாம் ஏற்றுக்கொண்டது. கணினி ஏற்றுக்கொண்டதால் ஒரு பதிவு உண்மையாகிவிடாது. நடந்து முடிந்த பேட்சுகளைப் பல ஆண்டு கழித்துத் தோண்டுகிறார்கள் என்பதையும் இந்த அறிக்கையிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள்.

அதிகப்படியாக வந்த பணமெல்லாம் மோசடி அல்ல, இதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 30 பேரோடு பேட்ச் தொடங்குகிறது, முதல் தவணை 30 பேருக்கும் வருகிறது, பத்து நாளில் 5 பேர் நின்றுவிடுகிறார்கள். அந்த 5 பேரின் பணம் அதிகப்படிதான். இடைநின்றவர்கள் பட்டியலை உரிய நேரத்தில் அனுப்பினால் அடுத்த தவணையில் கழித்துக்கொள்வார்கள். அதில் ஒருவருக்கும் ஒரு களங்கமும் இல்லை. நீங்கள் கேட்ட 'பிடித்துக்கொள்ள மாட்டார்களா' என்பதற்குப் பதில் இங்கே இருக்கிறது: சொன்னால் பிடிப்பார்கள். நின்றவருக்கும் தினம் வருகை போட்டால், பிடிப்பதற்கு அவர்களிடம் என்ன இருக்கிறது?

உங்கள் ஒப்பந்தத்தில் மணிக்கு 40 ரூபாய் என்றும், பணம் 30:40:30 என்று மூன்று தவணை என்றும் எழுதியிருக்கிறீர்கள். சான்றிதழ் பெற்றவர்களில் 70 விழுக்காட்டினருக்கு வேலை கிடைத்தால் மூன்றாம் தவணை முழுதாக வரும், 50க்குக் கீழே போனால் மூன்றாம் தவணையே இல்லை. இதை வைத்து உங்கள் முதல் பேட்சின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு 300 மணிக்கு 12,000 ரூபாய். வராத 8 பேருக்காக முதல் தவணையில் 28,800, சான்றிதழுக்குப் பின் இரண்டாம் தவணையில் 38,400.

இந்த இடத்தில் கவனியுங்கள். உண்மையான 22 பேர் மட்டும் இருந்திருந்தால் 16 பேருக்கு வேலை காட்டினால் போதும். 8 போலிப் பெயர்களும் சான்றிதழ் வாங்கிவிட்டதால் 21 பேருக்கு வேலை காட்டவேண்டியதாயிற்று. உண்மையில் வேலைக்குப் போனது 10 பேர் என்கிறீர்கள். 22இல் 10 என்றால் 45 விழுக்காடு, மூன்றாம் தவணை வந்தே இருக்கக் கூடாது. வந்தது 1,08,000. ஆக ஒரு பேட்சில் மட்டும் 1,75,200 ரூபாய் அதிகம். வருகையில் தொடங்கிய பொய்தான் சம்பளச் சீட்டு வரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. 'எட்டுப் பேர் விஷயம்தானே' என்று உங்கள் முதலாளி சொல்வது அவருடைய கணக்குக்கே பொருந்தாது. இந்தத் தொகையை அவர் இப்போது திருப்பிக் கட்டினாலும் குற்றம் அழிந்துவிடாது, வழக்கின் கடுமை வேண்டுமானால் குறையும்.

ஆய்வுக்கு வருபவர் எதைப் பார்ப்பார்

புதுப் பதிவேடு எழுதினால் சரியாகிவிடும் என்று உங்கள் முதலாளி நம்புவதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பதிவேட்டைத் தனியாக யாரும் பார்ப்பதில்லை. பக்கத்தில் பயோமெட்ரிக் பதிவின் நேரப் பட்டியலை வைப்பார்கள். கருவி பழுது என்று எழுதிய நாளில் 22 பேரின் விரல்ரேகை மட்டும் எப்படிப் பதிந்தது? பழுதென்றால் ஒருவருக்குமே பதிந்திருக்கக் கூடாது. பழுதுபார்க்க யாரைக் கூப்பிட்டீர்கள், அந்த பில் எங்கே என்பது அடுத்த கேள்வி. அரசு விடுமுறை நாளில் வருகை, ஒரே பேனாவில் ஒரே சாய்வில் எட்டுக் கையெழுத்து, அறுபது நாளாகியும் ஒரு முனை மடங்காத, ஒரு விரல் அழுக்கு படாத பதிவேடு, இவையெல்லாம் பழகிய கண்ணுக்கு உடனே தெரியும்.

தையல் பயிற்சியில் இன்னும் எளிது. 30 பேர் 300 மணி நேரம் தைத்தால் துணி, நூல்கண்டு, ஊசி, பாபின் எவ்வளவு வாங்கியிருக்க வேண்டும்? இருப்புப் பதிவேட்டில் 22 பேருக்கான துணி மட்டும் இருக்கும். மோட்டார் பொருத்திய இயந்திரங்கள் எத்தனை ஓடின என்பதை மின்கட்டண அட்டையில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குறித்த ரீடிங் சொல்லிவிடும். பிறகு பட்டியலில் இருந்து நாலு பேருக்கு போன் போடுவார்கள். எட்டுப் பேருக்கும் ஒரே செல் எண் கொடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்தது. சம்பளச் சீட்டுக்கு வங்கிக் கணக்கில் பணம் ஏறியதா, வைப்பு நிதியில் பெயர் இருக்கிறதா என்று கேட்பார்கள். 11 பேர் வேலை பார்ப்பதாகச் சொல்லும் கடைக்கு நேரில் போனால், அங்கே இரண்டு ஆள் நிற்க இடம் இருக்காது.

ராஜினாமா

செய்யலாம். செய்வது நல்லதும்கூட. ஆனால் ராஜினாமா இனிமேல் நடப்பதிலிருந்து உங்களைப் பிரிக்கும், நடந்ததிலிருந்து பிரிக்காது. 'சொந்தக் காரணங்களுக்காக' என்று எழுதிவிட்டு வெளியேறினால், எல்லாவற்றையும் செய்துவிட்டு ஓடிப்போன இன்சார்ஜ் நீங்கள்தான் என்று உங்கள் மேல் சாய்த்துவிட அவருக்கு வசதியாகிவிடும். கடிதத்தில் இரண்டு வரி இருக்கட்டும்: இன்ன தேதியில் புதிய வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடும்படி கூறப்பட்டது, நான் மறுத்துவிட்டேன். மின்னஞ்சலில் அனுப்பி, அதன் பிரதியை ஒப்புகையுடன் விரைவுத் தபாலிலும் அனுப்புங்கள். பதிவேடுகள், சாவி, கணினிக் கடவுச்சொல் எல்லாவற்றையும் எழுத்துப்பூர்வமாக ஒப்படைத்து, பதிவேடு எத்தனை பக்கம், கடைசித் தேதி எது என்று குறித்துக் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் பெயரில் லாகின் இருந்தால் அதை முடக்கச் சொல்லி எழுதுங்கள். இல்லையென்றால் நீங்கள் போனபிறகும் உங்கள் பெயரில் பதிவு ஏறும். பாக்கிச் சம்பளத்தை நிறுத்திவைப்பேன் என்று மிரட்டினால், ராஜினாமா செய்தவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் சம்பளம் தரவேண்டும் என்பது ஊதியச் சட்டத் தொகுப்பின் விதி என்று சொல்லுங்கள்.

ஆதாரம் சேர்ப்பதில் ஒரு எச்சரிக்கை. அசல் பதிவேட்டையோ பயிற்சியாளர்களின் ஆதார் நகல்களையோ வீட்டுக்கு எடுத்துவராதீர்கள். திருட்டுப் புகாராக அது உங்கள் மேலேயே திரும்பும். உங்களிடம் முறையாக இருப்பதை மட்டும் காப்பாற்றுங்கள்: முதலாளி அனுப்பிய வாட்ஸ்ஆப் செய்திகள், குரல் பதிவுகள், உங்களுக்கு வந்த மின்னஞ்சல். போனை மாற்றாதீர்கள், ஃபார்மேட் செய்யாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிடுபவர்கள் பலர். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் வைக்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்று தேவை, அதற்கு அந்தக் கருவி இருப்பது பெரிய பலம். பேட்ச் எண், சேர்ந்தவர், உண்மையில் வந்தவர், யார் எப்போது என்ன சொன்னார் என்று ஒரு நோட்டில் நினைவிலிருந்து இப்போதே எழுதிவையுங்கள். எழுதும் நாளின் தேதியையே போடுங்கள்.

எங்கே, எப்படிச் சொல்வது

முதலில் ஒரு குற்றவியல் வழக்கறிஞரிடம். காரணம் இருக்கிறது. போலீஸ் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் உங்களுக்கு எதிரான சாட்சியமாகாது. ஆனால் திட்ட அலுவலகத்துக்கு நீங்கள் எழுதும் கடிதத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. 'நான் பொய்க் கையெழுத்துப் போட்டேன்' என்று உணர்ச்சிவசப்பட்டு எழுதிவிட்டால் அது அப்படியே உங்களுக்கு எதிராக நிற்கும். பொய் சொல்லச் சொல்லவில்லை. எதை, எந்த வரிசையில், எவ்வளவு எழுதுவது என்பதை ஒருவர் பார்த்துத் தரட்டும். கட்டணம் கட்ட வழியில்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 எண்ணில் கூப்பிடுங்கள்.

அடுத்து, நிதி தரும் அலுவலகம். உங்கள் மையத்தின் ஒப்பந்தம் யாருடன் என்று பாருங்கள். தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகமா, ஊரக வாழ்வாதார இயக்கமா, மத்திய அமைப்பா என்பதைப் பொறுத்து முகவரி மாறும். ஆய்வுக்கு முன் அவர்கள் கையில் உங்கள் கடிதம் இருப்பதற்கும், ஆய்வில் மாட்டியபிறகு நீங்கள் பேசுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முந்தியது சாட்சியின் பேச்சு. பிந்தியதை எல்லாரும் தப்பிக்கும் முயற்சியாகத்தான் பார்ப்பார்கள்.

போலீஸ் புகார் என்றால் காவல் கண்காணிப்பாளர் அலுவலகம் வழியாக மாவட்டக் குற்றப் பிரிவு. அவர்கள் உங்களை அழைத்தாலும் உடனே கைது என்று நடுங்க வேண்டாம். 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில், கைது தேவையில்லை என்றால் முதலில் நோட்டீஸ் கொடுத்து ஆஜராகச் சொல்வதுதான் முறை. அந்தத் தேதியில் தவறாமல் போக வேண்டும். சூழ்நிலை மோசமானால் முன்ஜாமீனுக்கு செஷன்ஸ் நீதிமன்றமோ உயர் நீதிமன்ற மதுரைக் கிளையோ இருக்கிறது.

பெயரில்லா மனு வேண்டாம் என்றே சொல்வேன். பெரும்பாலும் அது கோப்பில் தூங்கும். விசாரித்தாலும் உங்களைச் சாட்சியாக யாருக்கும் தெரியாது. கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மனு கொடுக்கலாம், ரசீது கிடைக்கும், ஆனால் ஊரே வரிசையில் நிற்கும் இடம் அது. தகவல் தருவோரைப் பாதுகாக்கச் சட்டம் இருக்கிறதே என்று எழுதியிருக்கிறீர்கள். 2014இல் நிறைவேறிய அந்தச் சட்டம் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. இருப்பது 2004ஆம் ஆண்டின் மத்திய அரசுத் தீர்மானம். ஒட்டிய உறையில், பெயர் முகவரியை உள்ளே மட்டும் எழுதி, மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு அனுப்பினால் பெயரை வெளியிட மாட்டார்கள். ஆனால் அது மத்திய அரசு மற்றும் அதன் அமைப்புகளின் ஊழியர்கள் மேலான புகாருக்கு மட்டும். உங்கள் முதலாளி தனியார். மத்திய அலுவலர் யாராவது இதில் கூட்டு என்று உங்களுக்குத் தெரிந்தால்தான் அந்த வழி. மாநில அலுவலர் என்றால் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம். ஆய்வுக்கு வருபவரிடம் கொடுக்கச் சொல்லி உங்கள் கையில் ஒரு கவரைத் திணித்தால், தொடவே தொடாதீர்கள். லஞ்சம் கொடுப்பதும் குற்றம்.

முதலாளி திருந்த ஒப்புக்கொண்டால்

'ஓடிக்கொண்டிருக்கும் பேட்சை மட்டுமாவது நேராக்கலாம் என்று கேட்டுப் பார்க்கவா?' என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். முதல் அடையாளமாக, இடைநின்றவர்கள் பட்டியல் இந்த வாரமே திட்ட அலுவலகத்துக்குப் போகட்டும், அதிகம் வாங்கிய முதல் தவணையைக் கழித்துக்கொள்ளச் சொல்லி முதலாளியே கையெழுத்திடட்டும். அதற்கு அவர் சம்மதிக்கவில்லை என்றால் மற்றதெல்லாம் வாய்ப்பேச்சு.

சம்மதித்தால், வருகைப் பதிவேட்டைத் தினமும் வகுப்பு தொடங்கிய ஒரு மணி நேரத்தில் மூடிவிட வேண்டும். வராதவர் கட்டத்தில் சிவப்பு மையில் கோடு, அடியில் மொத்தம் எண்ணிலும் எழுத்திலும். வெற்றுக் கட்டம் ஒன்றுகூட மறுநாளுக்குப் போகக் கூடாது, போலி வருகை நுழைவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான். கருவி உண்மையிலேயே பழுதானால் அன்றே மின்னஞ்சலில் தெரிவித்து, புகார் எண் வாங்கிப் பதிவேட்டில் எழுதவேண்டும். தொடர்ந்து வராதவரின் வீட்டுக்கு போன் போட்டு, பதிலை ஒரு வரியில் குறித்து, நின்றுவிட்டார் என்றால் பட்டியலிலிருந்து எடுக்கவேண்டும். வருகை எடுப்பவரே பில் தயாரிக்கக் கூடாது, வேலைவாய்ப்பைச் சரிபார்ப்பவர் மூன்றாவது ஆளாக இருக்கவேண்டும். சிறிய மையத்தில் மூன்று பேருக்கு எங்கே போவது என்பார்கள். பயிற்சியாளர்களிலேயே இருவர் வாரம் ஒருவராக பதிவேட்டில் இணைக் கையெழுத்துப் போடலாம். வேலைச் சான்றுக்குச் சம்பளச் சீட்டு மட்டும் போதாது, சம்பளம் ஏறிய வங்கிப் பக்கத்தின் நகல் வேண்டும்.

அந்த எட்டுப் பேரையும் மறந்துவிட வேண்டாம். அவர்கள் பெயரில் பயிற்சி முடிந்ததாகவும் வேலை கிடைத்ததாகவும் பதிவு ஏறியிருப்பதால், நாளை உண்மையாகவே பயிற்சிக்குப் போகும்போது 'ஏற்கனவே பயன்பெற்றவர்' என்று திருப்பி அனுப்பப்படலாம். திட்ட அலுவலகத்துக்கு நீங்கள் எழுதும் கடிதத்தில் அந்தப் பதிவுகளை நீக்கும்படி ஒரு பத்தி கேளுங்கள். அவர்களில் தெரிந்தவர் இருந்தால், ஆதார் தளத்தில் கடந்த ஆறு மாதத்தில் எங்கெங்கே தம் ஆதார் சரிபார்க்கப்பட்டது என்று பார்க்கவும், பயோமெட்ரிக்கைப் பூட்டிவைக்கவும் சொல்லுங்கள்.

ஆய்வு நாளில் நீங்கள் இன்னும் வேலையில் இருந்தால், மையத்தில் இருங்கள், லீவு போடாதீர்கள். கேட்டதற்கு, தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். தெரியாததை ஊகித்து நிரப்ப வேண்டாம். அவர்கள் எழுதும் வாக்குமூலத்தை முழுதாகப் படித்து, தவறு இருந்தால் திருத்தச் சொல்லி, வெற்றிடங்களில் கோடு போட்டபிறகு கையெழுத்திடுங்கள். பிரதி ஒன்று கேளுங்கள். தர மறுத்தால், மறுத்தார்கள் என்பதை அன்று மாலையே அந்த அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள்.